ஹவாய் தீவு சுவர்க்கோழிங்க: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எந்தப் பூச்சிய பத்தி பேசறோம்? சில்வண்டா?

சில்வண்டுன்னு ஊருக்கு ஊரு வேற வேற பூச்சிய சொல்றாங்க, அதனால இத மொதல்லயே தெளிவாக்கிடலாம். பகல்ல மரத்துல ஒக்காந்துக்கிட்டு காது கிழியற மாதிரி இரையற பெரிய கண்ணு பூச்சி இருக்கே, சிக்காடா, அது வேற குடும்பம். இங்க பேசறது சுவர்க்கோழிய பத்தி, ராத்திரி பீரோ பின்னாடியோ பாத்ரூம் மூலையிலயோ நின்னு "க்ரீ க்ரீ"ன்னு தூங்க விடாம பண்ணுமே அதோட சொந்தக்காரங்கள பத்தி. பாடறது ஆண் மட்டும்தான், அதுவும் வாயால இல்ல. ஒரு முன் இறக்கையோட அடியில ரம்பம் மாதிரி பல்லு வரிசை இருக்கும், இன்னொரு இறக்கையோட ஓரம் அதுல உரசும், அதான் சத்தம். காது முன்னங்கால்ல இருக்கு. இந்த ரெண்டு விஷயத்தையும் (இறக்கையில பாட்டு, கால்ல காது) ஞாபகம் வெச்சுக்கோங்க, கீழ வர்ற பாதி கதைக்கு இதுதான் அடிப்படை.

உலகத்துல எல்லா எடத்துலயும் சுவர்க்கோழி இருக்கு, ஹவாய் மட்டும் ஏன் ஸ்பெஷல்?

எண்ணிக்கை. அங்க மட்டுமே இருக்கற, வேற எங்கயும் இல்லாத சுவர்க்கோழி இனங்க இருநூத்துக்கும் மேல. டேனியல் ஓட்டேன்னு ஒரு அமெரிக்க பூச்சியியலாளர், வருஷக்கணக்கா அந்த காடுகள்ல அலைஞ்சு பாட்ட ரெக்கார்ட் பண்ணி, 1994-ல ஹவாய் சுவர்க்கோழிங்களுக்குன்னே ஒரு தனி புத்தகம் போட்டார். இத்தனை இனமும், தீவுக்கு எப்பவோ வந்து சேர்ந்த விரல் விட்டு எண்ணக்கூடிய சில மூதாதைங்க கிட்ட இருந்து பெருகினதுன்னு அவர் காட்டினார். அமெரிக்க பெருநிலம் முழுக்க இருக்கறத விட இந்த குட்டி தீவுங்கள்ல ஜாஸ்தி.

அடுத்தது இடம். கலிஃபோர்னியா கரையில இருந்து சுமார் 3,800 கிலோமீட்டர், நடுக்கடல். பூமிக்கு அடியில ஒரே எடத்துல தீக்குழம்பு பொங்கிக்கிட்டு இருக்கு, அதுக்கு மேல பசிஃபிக் தட்டு வருஷத்துக்கு சில சென்டிமீட்டர் வடமேற்கா நகருது, அதனால தீவுங்க ஒன்னு பின்னாடி ஒன்னா பொறந்து வரிசையா தள்ளிப் போகுது. பெரிய தீவுங்கள்ல வடமேற்கு ஓரத்துல இருக்கற கவாய்க்கு சுமார் 50 லட்சம் வயசு, தென்கிழக்கு ஓரத்துல இருக்கற 'பெரிய தீவு' (அதுக்கு பேரே ஹவாய்தான், குழப்பமா இருக்கும்னுதான் பெரிய தீவுன்னு சொல்றாங்க) சுமார் 5 லட்சம் வருஷம்தான், அங்க இன்னும் எரிமலை பொங்குது. அதாவது எந்த தீவு எப்ப பொறந்துச்சுன்னு தெரியும், அதனால அது மேல இருக்கற உயிர் அதிகபட்சம் எத்தனை நாளா அங்க இருக்க முடியும்னும் தெரியும். பரிணாமத்த படிக்கறவங்களுக்கு கடிகாரம் கட்டிக் கொடுத்த மாதிரி ஒரு எடம்.

பறக்கவே தெரியாத பூச்சி கடல தாண்டி எப்படி வந்துச்சு?

வந்தப்ப பறக்கத் தெரியாததா இருந்துச்சான்னு சொல்ல முடியாது, தீவுல செட்டில் ஆன பூச்சிங்க பறக்கற சக்தியை இழக்கறது சகஜம். ஆனா பறந்து வர வேண்டிய அவசியமும் இல்ல. மரச் சுவர்க்கோழிங்களும், கீழ வரப்போற லௌபாலாங்கற சுவர்க்கோழியோட குடும்பமும் முட்டைய செடித் தண்டுக்குள்ள குத்தி வெக்கும். புயல்ல ஒடிஞ்சு கடல்ல மிதக்கற ஒரு கிளைக்குள்ள அந்த முட்டை பத்திரமா இருந்துச்சுன்னா போதும். இன்னொரு கூட்டம் கடற்கரை பாறையிலயே அலை தெறிக்கற எடத்துல வாழறது, அதுக்கு கடல் புதுசே இல்ல. லட்சக்கணக்கான வருஷத்துல ஒரு தடவை நடந்தா போதும்ங்கறத மனசுல வெச்சு பாருங்க, அப்ப இது நம்ப முடியாத விஷயமா தெரியாது.

லௌபாலான்னா எது?

இந்த பக்கத்தோட கதாநாயகன். சின்ன, கருப்பும் பழுப்புமான, பறக்காத சுவர்க்கோழி. ஓஹியா மரங்க நிக்கற ஈரக் காட்டுல, தரையில கிடக்கற சருகுலயும் பெரணி செடிங்க நடுவுலயும் இருக்கும். நம்ம வீட்டு சுவர்க்கோழி மாதிரி இல்லாம பகல்ல பாடும். இதுவரைக்கும் 38 இனம் பேர் வெச்சிருக்காங்க.

எல்லாம் ஒரே மாதிரி இருக்குன்னு சொல்றீங்க, அப்புறம் எப்படி 38 இனம்?

இதுதான் ரொம்ப பேர் கேக்கற கேள்வி, கேக்கவும் வேணும். ரெண்டு லௌபாலாவ கையில வெச்சு பாத்தா பல சமயம் நிபுணருக்கே வித்தியாசம் தெரியாது. பாட்டு கேட்டாதான் தெரியும். பாட்டுன்னா ரொம்ப எளிமையானது, ஒரே மாதிரி ஒரு சின்ன ஒலி, அப்புறம் இடைவெளி, திரும்ப அதே ஒலி, அவ்வளவுதான். அந்த ஒலிய பல்ஸ்னு சொல்றாங்க. இனத்துக்கு இனம் மாறறது ஒரு செகண்டுக்கு எத்தனை பல்ஸ்ங்கறதுதான். பெரிய தீவுல இருக்கற லௌபாலா பாராநைக்ரா செகண்டுக்கு சுமார் 0.7, அதாவது ஒன்னு முடிஞ்சு அடுத்தது வர ஒன்றரை செகண்ட் ஆகும். அதே தீவுல இருக்கற லௌபாலா கோஹாலென்சிஸ் செகண்டுக்கு சுமார் 3.7. ரெண்டையும் ஒன்னு பின்னாடி ஒன்னா ரெக்கார்டிங்ல கேட்டா, மொதல்ல கேக்கறது வீட்டு குழாய்ல சொட்டற தண்ணி, அடுத்தது அவசரமா யாரோ கதவு தட்டறாங்க, அவ்ளோ வித்தியாசம்.

ஒரே காட்டுல நாலு இனம் வரைக்கும் சேர்ந்து இருக்கறதும் உண்டு, ஒரே சருகு, ஒரே ஈரம், ஆனா ஒன்னொன்னும் தன் தாளத்துல பாடும், பெண் தன் இனத்து தாளத்துக்குதான் நடந்து போகும். இத சோதிச்சும் பாத்திருக்காங்க, ஒரு குழாய் நடுவுல பெண்ண விட்டு ரெண்டு பக்கமும் குட்டி ஸ்பீக்கர் வெச்சு, ஒன்னுல வேகமான பாட்டு இன்னொன்னுல மெதுவான பாட்டு, எந்தப் பக்கம் போகுதுன்னு பாக்கறது. தன் இனத்து வேகத்துக்கு கிட்ட இருக்கற பக்கம்தான் போகும். உடம்பு சூட்ட பொறுத்து பாட்டு வேகம் மாறும்ங்கறதால லேப்ல 20 டிகிரி செல்சியஸ்ல வெச்சுதான் அளப்பாங்க.

பாட்டு மட்டும்தான்னு சொல்லிடக் கூடாது, உடம்பு மேல இருக்கற மெழுகு மாதிரி கொழுப்புப் பொருளும் இனத்துக்கு இனம் மாறுது, கிட்ட வந்து மீசையால தொட்டு பாக்கும்போது அதுவும் ஒரு அடையாளம். ஆனா தூரத்துல இருந்து கூப்பிடறது பாட்டுதான்.

டார்வின் குருவிங்க மாதிரி, சாப்பாட்டுக்கு ஏத்த மாதிரி மாறினதுதானே இதுவும்?

இல்ல, அங்கதான் விஷயம். பள்ளிக்கூடத்துல நமக்கு சொல்லிக் கொடுத்தது அலகு கதை, கெட்டியான விதைக்கு தடிச்ச அலகு, பூச்சிக்கு மெல்லிசான அலகு. லௌபாலாவுல அப்படி எதுவும் இல்ல. உணவு, எடம், உடம்பு எல்லாம் கிட்டத்தட்ட ஒன்னுதான், மாறினது காதல் விவகாரம் மட்டும். புது இனம் உருவாக வயித்துப் பொழப்பு மாறித்தான் ஆகணும்ங்கற எண்ணத்த மாத்திக்க இதவிட நல்ல உதாரணம் எனக்கு தெரிஞ்சு இல்ல, பாடப் புத்தகத்துல குருவிங்களுக்கு பக்கத்துலயே இதையும் வெக்கணும்னு மனசார நினைக்கறேன்.

சரி, ஆணோட பாட்டு மாறிச்சுன்னா பெண்ணுக்கு பிடிக்காம போயிடும், ஜோடியே கிடைக்காது. அப்புறம் எப்படி பாட்டு மாறவே முடியுது?

அருமையான கேள்வி, ஆராய்ச்சியாளர்களையே ரொம்ப நாள் குடைஞ்ச கேள்வியும் இதுதான். பூட்டும் சாவியும் மாதிரி, சாவிய மட்டும் மாத்தினா பூட்டு திறக்காது, பூட்ட மட்டும் மாத்தினாலும் அதே கதி.

கார்னெல் பல்கலைக்கழகத்துல கெர்ரி ஷா குழு இதுல பல வருஷமா வேலை பாக்கறாங்க. மெதுவா பாடற பாராநைக்ராவையும் வேகமா பாடற கோஹாலென்சிஸையும் லேப்ல கலப்பு பண்ணினாங்க. இங்க ஒரு விஷயம், லேப்ல சேத்து வெச்சா இதுங்க இனப்பெருக்கம் பண்ணும், அந்த குஞ்சுங்களும் வளந்து இனப்பெருக்கம் பண்ணும், காட்டுல பிரிச்சு வெக்கறதுல பாட்டுக்கும் ரசனைக்கும் பெரிய பங்குன்னு இதுலயே தெரியுது. பொறந்த கலப்பு ஆணுங்க நடுத்தர வேகத்துல பாடிச்சு, கலப்பு பெண்ணுங்களுக்கு நடுத்தர வேகம்தான் பிடிச்சுது. அடுத்த தலைமுறையில பாட்டு வேகம் மெதுவுக்கும் வேகத்துக்கும் நடுவுல சிதறி வந்துச்சு. அதாவது ஒரே ஒரு ஜீன் ஸ்விட்ச் போட்ட மாதிரி இல்ல, பல ஜீன், ஒவ்வொன்னும் கொஞ்சம் கொஞ்சமா வேகத்த ஏத்துது இல்ல எறக்குது.

அப்புறம் அந்த ஜீன்ங்க குரோமோசோம்ல எங்க இருக்குன்னு தேடிப் போனப்பதான் பெரிய விஷயம் மாட்டிச்சு. ஆணோட பாட்டு வேகத்த மாத்தற பகுதியும், பெண்ணோட ரசனைய மாத்தற பகுதியும் ஒரே எடத்துல வந்து விழுந்துச்சு, 2009-ல இத வெளியிட்டாங்க. ஒரு எடத்துல மட்டும் இல்ல, பல எடத்துல இப்படித்தான்னு பின்னாடி வந்த ஆய்வுலயும் தெரிஞ்சுது. மெதுவான இனத்தோட அந்த துண்ட மட்டும் வேகமான இனத்துக்குள்ள தலைமுறை தலைமுறையா கலந்து கொண்டுவந்தா ஆணோட பாட்டும் மெதுவாகுது, அக்கா தங்கச்சிங்களோட விருப்பமும் மெதுவான பக்கம் சாயுது.

ஒரே ஜீன் ரெண்டு வேலையும் பாக்குதா, இல்ல ரெண்டு ஜீன் பக்கத்து பக்கத்துல ஒட்டிக்கிட்டு சேர்ந்தே பிள்ளைங்களுக்கு போகுதா, இது ரெண்டுல எதுவா இருந்தாலும் விளைவு ஒன்னுதான்: பூட்டும் சாவியும் சேர்ந்தே நகருது. ஒவ்வொரு அடியும் சின்ன அடிங்கறதால யாரும் ஒரேயடியா தனியா விடப்படறது இல்ல, சின்னச் சின்னதா சேர்ந்து கடைசியில 0.7-க்கும் 3.7-க்கும் நடுவுல இருக்கற அந்த பெரிய பள்ளம் வந்துடுது.

உலகத்துலயே வேகமா இனம் பிரியற பூச்சின்னு போட்டிருந்தாங்க, நிஜமா?

2005-ல நேச்சர் பத்திரிகையில தாமரா மெண்டல்சனும் கெர்ரி ஷாவும் எழுதின கட்டுரை அது. பெரிய தீவுல லௌபாலாவோட ஒரு கிளை, பத்து லட்சம் வருஷத்துக்கு 4.17 இனம்ங்கற வேகத்துல பிரிஞ்சிருக்கு, அதுவரைக்கும் கணுக்காலிகள்ல (பூச்சி, சிலந்தி, நண்டு எல்லாம் சேர்ந்த கூட்டம்) அளந்ததுலயே அதுதான் அதிகம். பூச்சிங்களோட சராசரிய விட பத்து மடங்குக்கும் மேல. ஆப்பிரிக்க ஏரிங்கள்ல இருக்கற சிக்லிட் மீனுங்களோட சேத்து பேசற அளவு வேகம்.

அந்த 4.17 எப்படி வந்துச்சுன்னு நிறைய பேர் தப்பா புரிஞ்சுக்கறாங்க. தீவோட அந்த பாகத்துக்கு வயசு சுமார் 4 லட்சத்து 30 ஆயிரம் வருஷம், அதுக்குள்ள ஒன்னு ஆறாகியிருக்கு. இத சாதாரண வகுத்தல் போட்டா 4.17 வராது. ஒன்னு ரெண்டாகும், அந்த ரெண்டும் தனித்தனியா பிரியும், அதனால கூட்டு வட்டி போடற மாதிரி கணக்கு போடணும், அப்ப 4.17 வரும். தீவு அத விட வயசாயிருக்க முடியாதுங்கறதால இந்த வேகம் குறைஞ்சபட்ச கணக்குதான், பூச்சி தீவு பொறந்த அன்னிக்கே வந்து எறங்கியிருக்கணும்னு கட்டாயம் இல்லையே.

ஒவ்வொரு தீவுக்கும் தாவி தாவி பிரிஞ்சுதா, ஒரே தீவுக்குள்ளயா?

ரெண்டும். பொதுவா பழைய தீவுல இருந்து புது தீவுக்குங்கற போக்கு தெரியுது, ஆனா நெருங்கின சொந்தக்காரங்க பல சமயம் ஒரே தீவுலயே இருக்காங்க. எரிமலை பொங்கி லாவா காட்டுக்குள்ள ஓடும்போது நடுவுல சில துண்டு காடு தப்பிச்சு தீவு மாதிரி நிக்கும், ஹவாய் மொழியில அதுக்கு கீபுகான்னு பேரு. பறக்காத பூச்சிக்கு அந்த கருகின பாறை வெளி கடல் மாதிரிதான்.

பாடவே பாடாத சுவர்க்கோழியும் அங்க இருக்காமே?

இருக்கு, அதுல ஒன்னு எனக்கு ரொம்ப பிடிச்சது. காகோநெமோபியஸ் ஃபோரி, ஹவாய் மொழியில ஊஹினி நேநே பேலே, பேலேங்கறது எரிமலை தெய்வம். லாவா ஓடி ஆறி சில மாசத்துலயே, ஒரு புல்லு மொளைக்கறதுக்கு முன்னாடி, ஒரு பாசி பிடிக்கறதுக்கு முன்னாடி, அந்த வெறும் கரும்பாறை விரிசலுக்குள்ள இது வந்து குடியேறிடும். பகல் பூரா இடுக்குல, ராத்திரி வெளிய. சாப்பாடு? காத்து அடிச்சுக்கிட்டு வர்ற செத்த பூச்சி, எலை துணுக்கு, அவ்வளவுதான். செடி கொடி வளர ஆரம்பிச்சதும் அங்க இருந்து காணாம போயிடும், அடுத்த புது லாவாவுல இருக்கும். இதுக்கு இறக்கை கிடையாது, பாட்டும் கிடையாது. ஆராய்ச்சிக்கு பிடிக்க நாத்தம் அடிக்கற சீஸ் வெச்சு பாட்டில் பொறி வெப்பாங்க.

இதோட கிட்டத்து சொந்தக்காரன் கடற்கரை பாறையில அலை தெறிக்கற எடத்துல இருக்கான், உப்பு, வெறும் பாறை, ஒதுங்கற குப்பைய தின்னு பொழைக்கறது. யோசிச்சு பாத்தா ரெண்டும் ஒரே வேலைதான், அங்க அலை கொண்டுவருது, இங்க காத்து கொண்டுவருது.

மூணாவது சொந்தக்காரன் லாவா குகைக்குள்ள. 1971-ல ஃபிரான்சிஸ் ஹோவார்த்ங்கற பூச்சியியலாளர் லாவா குகைங்களுக்குள்ள தேடினப்ப வெளுத்த நிறமும் சின்ன கண்ணுமா குகைக்குன்னே மாறின உயிர்ங்கள கண்டுபிடிச்சார், அதுல சுவர்க்கோழியும் இருந்துச்சு. அதுவரைக்கும் இருந்த நினைப்பு, குகை உயிர்னா பனி யுகத்துல வெளிய சொந்தக்காரங்கெல்லாம் அழிஞ்சு உள்ள மாட்டிக்கிட்டது, அதனால வெப்ப நாட்டு இளம் தீவுல அதெல்லாம் இருக்காதுன்னு. இங்க என்னடான்னா வெளிய இருக்கற சொந்தக்காரன் குகைக்கு நேர் மேல லாவா மேல உயிரோட சுத்திக்கிட்டு இருக்கான். யாரும் மாட்டிக்கல, உள்ள ஓஹியா வேர் கூரையில இருந்து தொங்குது, சாப்பாடு இருக்கு, எடம் காலியா இருக்கு, தானா உள்ள போயிருக்கு.

கவாய் தீவுல சுவர்க்கோழிங்க ஊமையா ஆயிடுச்சுன்னு நியூஸ் வந்துச்சே, அது லௌபாலாவா?

இல்ல, ரெண்டையும் போட்டு குழப்பிக்காதீங்க. அது டெலியோக்ரைலஸ் ஓஷியானிக்கஸ், ஆஸ்திரேலியாவுலயும் மத்த பசிஃபிக் தீவுங்கள்லயும் இருக்கற வயல் சுவர்க்கோழி, ஹவாய்க்கு அது வெளியூர்க்காரன், புல் தரையில இருக்கும். அதே மாதிரி வட அமெரிக்காவுல இருந்து ஒரு ஈ ஹவாய்க்கு வந்து சேர்ந்துச்சு, பேரு ஆர்மியா ஒக்ரேசியா. இந்த பெண் ஈ சுவர்க்கோழி பாட்ட கேட்டே தேடி வரும். அதோட ரெண்டு காதுக்கும் நடுவுல அரை மில்லிமீட்டர் அளவுதான் தூரம், ஆனா சத்தம் எந்த திசையில இருந்து வருதுன்னு ரெண்டு டிகிரி துல்லியத்துல கண்டுபிடிக்கும், செவித்திறன் கருவிக்கு மைக் செய்யறவங்களே அத பாத்து படிச்சாங்க. பாடற ஆண் மேல புழுவ போடும், புழு உள்ள துளைச்சு போய் தின்னு ஒரு வாரம் பத்து நாள்ல வெளிய வரும், சுவர்க்கோழி செத்துடும். ஜோடிய கூப்பிடற அதே பாட்டு எமனையும் கூப்பிடுது.

மார்லீன் ஸூக்ங்கற ஆராய்ச்சியாளர் 1991-ல இருந்து அங்க போய் பாத்துக்கிட்டு இருந்தாங்க. கவாய்ல வருஷா வருஷம் சத்தம் குறைஞ்சுக்கிட்டே வந்து, 2001-ல ஒரே ஒரு ஆண்தான் பாடறது கேட்டுச்சு, அழிஞ்சுடுச்சுன்னுதான் நினைச்சிருக்காங்க. 2003-ல போறாங்க, ஒரு சத்தம் இல்ல. ஆனா தலையில லைட்ட கட்டிக்கிட்டு தரைய பாத்தா, சுவர்க்கோழி ஏராளமா ஓடுது! ஆணுங்கள பிடிச்சு இறக்கைய பாத்தா அந்த ரம்பம், உரசற பகுதி எல்லாம் கிட்டத்தட்ட மறைஞ்சு பெண்ணோட இறக்கை மாதிரி தட்டையா இருக்கு. பத்துல ஒன்பதுக்கும் மேல ஊமை. இருபது தலைமுறைக்குள்ள நடந்த மாற்றம் இது, காரணம் எக்ஸ் குரோமோசோம்ல ஒரே ஒரு எடத்துல ஒரு மாற்றம். லௌபாலாவுல பல ஜீன் கொஞ்சம் கொஞ்சமா செய்யறத பாத்தோம், இங்க ஒரே வெட்டு.

பாடலன்னா பெண் எப்படி தேடி வரும்?

ஊமை ஆணுங்க மிச்சம் இருக்கற ஒன்னு ரெண்டு பாடகன் பக்கத்துல போய் சும்மா நிக்கும், பாட்ட கேட்டு வர்ற பெண்ண வழியில பிடிச்சுக்கும். தீவுல இருக்கற பெண்ணுங்களும் மத்த எடத்து பெண்ணுங்க அளவுக்கு பாட்டு விஷயத்துல கறார் இல்ல. மனச என்னமோ பண்ணற விஷயம் ஒன்னு, சத்தமே வராட்டியும் அந்த ஆணுங்க இன்னும் இறக்கைய தூக்கி பாடற மாதிரி அசைச்சுக்கிட்டே இருக்கும்.

மத்த தீவுலயும் இதேதானா?

ஓஆஹு தீவுலயும் ஊமை வந்துச்சு, ஆனா கவாய்ல இருந்து பரவினது இல்ல. இறக்கை அமைப்பே வேற, ஜீன் மாற்றமும் வேற, தனியா வந்தது, 2014-ல இத உறுதி பண்ணினாங்க. மொலோகாய் தீவுல காலவுபாபாங்கற எடத்துல இன்னும் விசித்திரம், பூனை உறுமற மாதிரி மெல்ல 'பர்ர்ர்'னு சத்தம் போடற ஆணுங்க, 2018-ல ராபின் டிங்கிடெல்லா குழு எழுதினாங்க. பக்கத்துல இருக்கற பெண்ணுக்கு கேக்கும், ஈக்கு சரியா பிடிபடாது. இதெல்லாம் புது இனம் ஆயிடுச்சான்னு கேட்டா, இல்ல, இன்னும் ஒரே இனம்தான்.

ஹவாய்ல நத்தை பாடும்னு படிச்சேனே?

மரத்து மேல இருக்கற வண்ண நத்தைங்க பாடும்னு ஹவாய் மக்கள் கிட்ட பழைய நம்பிக்கை. நத்தைக்கு சத்தம் போட வழி இல்ல, அதே மரத்துல இருக்கற சுவர்க்கோழிங்க பாட்டதான் அப்படி சொல்லியிருக்கணும்னு பலர் நினைக்கறாங்க. எப்படியோ, அந்த காடு பாடுதுன்னு அவங்க கவனிச்சிருக்காங்க.

இந்த சுவர்க்கோழிங்களுக்கு ஆபத்து இருக்கா?

நிறைய. ஹவாய்ல சொந்தமா எறும்பே கிடையாது, எல்லா எறும்பும் மனுஷன் கூட வந்ததுதான், அத எதுத்து நிக்க இந்த பூச்சிங்களுக்கு பழக்கமே இல்ல. எலி வேற. அதுக்கு மேல ஓஹியா மரத்த கொல்ற பூஞ்சை நோய், 2014-ல எந்த பூஞ்சைன்னு அடையாளம் கண்டாங்க, பெரிய தீவுல லட்சக்கணக்குல மரம் போயிடுச்சு. ஒரு இனம் ஒரே ஒரு மலைச் சரிவுல மட்டும் இருந்தா, அந்த சரிவு போனா அந்த தாளமே உலகத்துல இருந்து போயிடும், நினைச்சாலே பதறுது.

நேர்ல கேக்க முடியுமா?

முடியும், அதுக்கு ராத்திரி காத்திருக்க வேண்டாம், பகல்லயே பெரிய தீவோட ஈரமான பக்கத்து ஓஹியா காட்டுல பாதையிலயே நின்னு பேசாம காது கொடுங்க. ஒரு பாட்ட பிடிச்சுக்கிட்டு போன்ல ஸ்டாப்வாட்ச் போட்டு முப்பது செகண்டுக்கு எத்தனை பல்ஸ்னு எண்ணுங்க, அப்ப என்ன சூடுன்னும் குறிச்சுக்கோங்க, குளிருன்னா அதே இனம் மெதுவா பாடும். சருக கிளறி தேட வேண்டாம். காட்டுக்குள்ள போறப்பவும் வெளிய வர்றப்பவும் வழியில பிரஷ் வெச்சிருப்பாங்க, செருப்பு ஷூ அடியில ஒட்டின மண்ண நல்லா தேச்சு எடுத்துட்டு 70 சதவீத ஆல்கஹால் அடிங்க, ஓஹியாவ கொல்ற அந்த பூஞ்சை மண்ணோட சேர்ந்தும் ஒரு காட்டுல இருந்து அடுத்த காட்டுக்கு போகும்.